கோடிங் கடைக்கு உன் பெயரைக் கேட்கிறார்கள்

சண்டைக்கு ஆள் இல்லாமல் என்னை விட்டுப்போன ஹேமாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் பகுதித் தமிழ் மன்றத்தின் மலருக்கு உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கடைக்கே வந்து கேட்டார். நல்ல வார்த்தை எனக்கு வராது என்றேன். "வர்றதை எழுதுங்கம்மா" என்றார். எனக்கு வருவது கோபம். அதைத்தான் எழுதுகிறேன். பாதி உன் மேல். மீதி யார் மேல் என்று போகப்போகத் தெரியும்.

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரியவேண்டும் இல்லையா? நீ என் நாத்தனார். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் நீலசந்திராவில் என் கடைக்கு மேலே இருக்கும் அறையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவள். என் கடை பழைய கம்ப்யூட்டர் வாங்கி, சரிபார்த்து, விற்கிற கடை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த உன் அப்பா, மருமகள் பழைய சாமான் வியாபாரம் செய்கிறாள் என்று வெளியே சொல்லக் கூசுவார். நீ கூசவே மாட்டாய். நடுத்தெருவில் நின்று கூப்பிடுவாய், "காயலாங்கடை அண்ணி!"

அந்தக் காயலாங்கடையிலிருந்துதானே உன் வகுப்புக்கு மெஷின் போயிற்று? அதுவும், நாளைக்கே விலைபோகும் நல்ல மெஷினாகப் பொறுக்கி எடுப்பாய். ஓட்டையைக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டால், "பிள்ளைங்க எழுதினதுல தப்பா, மெஷின்ல தப்பானு அப்புறம் எப்படி அண்ணி தெரியும்?" என்பாய். எதிராளி வாயை அடைப்பதில் நீ கெட்டிக்காரி. வியாபாரத்துக்கு வந்திருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாய்.

உன் வகுப்பு நடக்கும்போது கீழே கல்லாவில் எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். மற்ற வகுப்புகளில் கத்தினால் திட்டு. உன் வகுப்பில் கத்தாவிட்டால் திட்டு. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், எங்கே மாறிப்போயிற்று என்று அந்தப் பிள்ளையே தேடவேண்டும். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். ஒரு பையன் அழுதுகொண்டே இறங்கிவந்து என்னிடம் புகார் சொன்னான்: "ஆன்ட்டி, அந்த அக்கா ஒண்ணுமே சொல்லித் தரமாட்றாங்க." நானும் விசாரிக்க மாடி ஏறினேன். "ஏண்டி, சும்மா சொல்லிக்குடுக்கிறேன்னு சும்மாவே உட்கார்ந்திருப்பியா?" நீ அசையவில்லை. "தேடறதுதான் அண்ணி பாடம். அதையும் நானே பண்ணிட்டா அவன் எதுக்கு வரணும்?"

நீ முதலில் எழுதவைத்தது தண்ணீர் மோட்டார். காவேரித் தண்ணீர் வந்ததும் மோட்டார் ஓட வேண்டும், மேல்தொட்டி நிரம்பியதும் நிற்க வேண்டும். ப்ரோகிராமில் நிற்கச் சொல்கிற வரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாய். பிள்ளைகள் ஒரே குரலாக "சாக்கு" என்று கத்தினார்கள். இங்கிலீஷ் எழுத்தில் அதையே எழுத விட்டாய்.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது புரியாது. பெங்களூர்த் தமிழன் வாயில் கன்னடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம். நான் வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், சோறு பரிமாறும்போது உன் அப்பா "சாக்கு, சாக்கு" என்றார். எதற்கு இந்த நேரத்தில் கோணிப்பை என்று யோசித்தபடியே பின்பக்கம் போய் ஒன்றை உதறி எடுத்துவந்து நீட்டினேன். அவர் இலையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். நீ தரையில் உருண்டு சிரித்தாய். ஸ்கூல் படிக்கிற பெண் நீ அப்போது. உன்னோடு என் முதல் சண்டை அன்றுதான்.

அப்புறம் உன் வகுப்பில் எதை எழுதினாலும் முதல் கேள்வி அதுவாகிவிட்டது. இதுல சாக்கு எங்கே? அதை மறந்தால் ப்ரோகிராம் நிற்காமல் ஓடும், மெஷின் திணறும், கீழே நான் பல்லைக் கடிப்பேன்.

இவ்வளவும் செய்தாய். ஒன்றை மட்டும் செய்யவில்லை. உனக்குப் பிறகு யார் என்று யோசிக்கவில்லை. பல தடவை சொன்னேனே, ஹேமா? "ஒரு ஆளைத் தயார் பண்ணு. நான் ஊருக்குப் போனா கடை பூட்டியா கெடக்கு? உன் அண்ணன் பார்க்கலே?" நீ காதில் வாங்கவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிற வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போனாய். இதற்கு உன்னை என்ன செய்யலாம், சொல்.

இப்போது இந்த ஊரில் நடப்பதைக் கேள். நீ ஆபீஸ் கேபில் போய்வந்த மேம்பாலத்தின் இரண்டு பக்கமும், கோட்டு போட்டு கண்ணாடி மாட்டிய குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு விளம்பரப் பலகைகளில் நிற்கிறார்கள். பால் பல் விழாத பிள்ளை ஆப் செய்ததாம். அதை யாரோ பெரிய முதலாளி வாங்கிக்கொண்டாராம். எந்த ஆப் என்று பலகையில் போடவில்லை. எனக்கு வியாபாரம் தெரியும், ஹேமா. சரக்கைக் காட்டாமல் வாங்கினவன் முகத்தை மட்டும் காட்டினால், உள்ளே சரக்கு இல்லை.

அந்தப் பலகைக்காரர்களில் ஒரு கம்பெனி நீலசந்திராவுக்கும் வந்தது. அரவிந்த் என்று ஒரு பையன், மதுரைப் பக்கம், ஊரை விட்டு வந்து ஆறேழு மாதம்கூட இருக்காது. டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ஹேமா மேடம் பத்தி இந்த ஏரியாவே சொல்லுது மேடம். எவ்ளோ பெரிய விஷன்! அவங்க பேரை நாங்க வாழவைக்கிறோம்."

மாடி அறை அவர்களுக்கு வேண்டும். வெளியே உன் படத்தோடு பலகை வைப்பார்களாம், ஹேமா நினைவு கோடிங் அகாடமி என்று. உன் அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவ பேரு நிக்கும்ல?" என்று என்னையே பார்த்தார். பிள்ளை குட்டி இல்லாமல் போன தங்கை. அவர் நினைப்பதில் தப்பில்லை. அன்றைக்கே, நீ ஆபீஸ் கேன்டீனில் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் மட்டும் சொன்னேன், "ஸ்விட்ச் போட்டுப் பார்க்காம நான் எந்தச் சரக்கும் எடுக்கிறதில்லை தம்பி. உங்க பாடத்தைக் காட்டு."

"சண்டே கல்யாண மண்டபத்துல டெமோ இருக்கு, வாங்க மேடம்."

போனேன். மண்டபம் நிறையத் தாய்மார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள். எனக்குப் பக்கத்தில் லோகு. உன் வகுப்புப் பவித்ராவின் அம்மா. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் தரை துடைக்கிறாள். அந்தத் தரையில் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு தன் மகள் நடக்க வேண்டும் என்று நினைக்கிறாள். அந்த நினைப்பு நியாயம்தான். அதை எடைக்குப் போட்டு வாங்க வந்தவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அரவிந்த் மைக்கைப் பிடித்து முதலில் பயமுறுத்தினான். "இப்பவே லேட் மேடம். பக்கத்து அபார்ட்மென்ட்ல ஒண்ணாங் கிளாஸ் பசங்க ஆரம்பிச்சுட்டாங்க." தாய்மார்கள் முகம் சுருங்கியது. பிறகு ஆசை காட்டினான். முகம் விரிந்தது. காய்கறிச் சந்தையில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் விற்று நான் பார்த்ததில்லை.

"எந்தக் குழந்தை வேணாலும் வரட்டும். கோடிங் தெரியாத குழந்தைகூட இப்ப ராக்கெட் விடும்!"

லோகு பவித்ராவை முன்னே தள்ளினாள். திரையில் ஒரு பக்கம் ராக்கெட், மறுபக்கம் வரி வரியாக எழுத்து. எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்தார்கள். பவித்ரா எழுத்தைப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை வாய் அசைய அசையப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, இதுல சாக்கு எங்க இருக்கு?"

"சாக்கா? எதுக்குப் பாப்பா? ராக்கெட்ல அரிசி மூட்டை ஏத்தப் போறியா?"

மண்டபமே சிரித்தது. அவனை விடு, அவன் வெளியூர்க்காரன். சாக்கு என்றால் என்ன என்று தெரிந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், ஹேமா. அவன் டை கட்டியிருந்தான், இவள் வெளுத்த யூனிஃபார்மில் நின்றாள். அது போதாதா சிரிக்க?

"சரி பாப்பா, பட்டனை அழுத்து."

"என்ன வரும்னு சொல்லாம எப்படிண்ணா அழுத்தறது?"

"அழுத்து, தானா வரும்!" என்று அவளுடைய விரலைப் பிடித்து அவனே அழுத்தினான். ராக்கெட் கிளம்பியது, நிலாவில் இறங்கியது, பூமாரி பொழிந்தது. ஒரே கைதட்டல். பவித்ரா மட்டும் தட்டவில்லை. ஏன் நின்றது என்று அவளுக்குப் புரியவில்லை. நிற்கச் சொல்லி அதில் எழுதியிருக்கவில்லையே!

எனக்குப் புரிந்தது. அவன் மவுஸை நகர்த்தியபோது திரையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு எட்டிப்பார்த்தது. போனில் படம் பார்க்கும்போது வருமே, எவ்வளவு ஓடியது என்று காட்டுகிற கோடு, அதேதான். ராக்கெட் எந்த ப்ரோகிராமிலும் ஓடவில்லை. பதிவு செய்த வீடியோ. வீடியோ முடிந்தது, ராக்கெட் நின்றது.

எழுந்தே கேட்டேன். "தம்பி, கீழே அந்தச் சிவப்புக் கோடு என்னது?"

"அது ப்ராக்ரஸ் பார் மேடம். உங்க குழந்தையோட ப்ராக்ரஸ்!"

அதற்கும் கைதட்டினார்கள். "ராக்கெட்டை வேற பக்கம் விடு, பார்க்கலாம்" என்றேன். நேரம் இல்லை என்றான். பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "உக்காருங்கக்கா, புள்ளைங்க நல்லதுக்குத்தானே பண்றாங்கோ" என்றார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

வாசலில் லோகுவைப் பிடித்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். "அது வீடியோ லோகு. உன் பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி."

லோகு என்னை முறைத்தாள். "இன்னாக்கா பண்ணச் சொல்றே? உன் நாத்தனார் பூட்டாங்கோ. நீ ரூம்பைப் பூட்டிட்டே. இவன் ஒருத்தன்தான் வான்னு கூப்பிட்டான். சரியான கேள்வி கேக்கறவளை நான் எங்க இட்டுனு போறது?"

அந்தத் திட்டு எனக்கு வந்தது. வரவேண்டிய விலாசம் உன்னுடையது. அதனால் அப்படியே உனக்கு அனுப்புகிறேன், வாங்கிக்கொள். அவ்வளவு வாய் இருந்தும் நீ விற்கத் தெரியாதவள், ஹேமா. உன் பாடம் எவ்வளவு பெறுமானம் என்று ஒரு தாய்க்குக்கூட நீ எடுத்துச் சொன்னதில்லை. பேசாமல் இருந்தால் போதும், தானாகத் தெரியும் என்று இருந்துவிட்டாய். அதனால்தான் இன்றைக்கு யாரோ வந்து உன்னையே விற்கிறார்கள்.

வீட்டில் உன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. "நீ எல்லாத்துலயும் திருட்டுச் சரக்குதான் பார்ப்பே. சும்னே சும்மா கூச்சல் போடாதே. பெரிய கம்பெனி."

"பெரிய கம்பெனின்னா பெரிய வீடியோ."

"உனக்கு அவமேல பொறாமை. செத்த பிறகும் விடமாட்டே."

என் கல்யாண வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் எழுந்துபோனது அந்த ஒரு தடவைதான். உன் பெயரை அவர் கொடுத்தால் நான் தடுக்க முடியாது. கூடப் பிறந்தவர் அவர். கடை என் உழைப்பு, ஆனால் நீ அவருடைய தங்கை. உன் படத்துக்குக் கீழே நின்று ஒருத்தன் பிள்ளையின் விரலைப் பிடித்து வீடியோ ஓட்டுவான், நான் கீழே உட்கார்ந்து கீபோர்டு விற்பேன். இதை நினைத்தபோது உன் மேல் வந்த கோபம் இருக்கிறதே, நீ எதிரில் இருந்தால் அடித்திருப்பேன்.

அரவிந்த் ஒப்பந்தத்தோடு வந்தான். கூடவே பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை அச்சடித்துச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். ஒப்பந்தத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன் தம்பி. முதல் பாடம் இந்த ரூம்ல, எங்க கண் முன்னாடி. பிள்ளைங்களே எழுதணும், அவங்க எழுதினது ஓடணும். தப்பா ஓடினாலும் பரவாயில்லை. வீடியோ கூடாது."

"மேடம், கரிகுலம் ஹெட் ஆபீஸ்ல ஃபிக்ஸ் பண்றது. முதல் மாசம் குழந்தைங்க எழுத மாட்டாங்க. எக்ஸைட்மென்ட்தான் குடுப்போம்."

"எக்ஸைட்மென்டை நான் கேட்கலே. கோடிங்னு பலகையில போட்டிருக்கியே, அது எப்ப வரும்?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான். அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்காவிட்டால் அவன் வேலை போய்விடும். ஊரில் அவனுடைய அம்மாவும் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் பாவத்துக்காக நான் சரக்கு எடுப்பதில்லை.

இதற்குள் உன் அண்ணன் ஃப்ளெக்ஸை ஆசையாகக் கடைத் தரையில் விரித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு நீ. உன் கேன்டீன் சிரிப்பு. கன்னத்து மச்சத்தைக் காணோம், துடைத்து எடுத்துவிட்டார்கள். அடியில் பெரிய எழுத்தில்: 'ஹேமா மேடத்தின் கனவு! பதினெட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் ஒரு கோடீஸ்வரர்!'

அவர் மண்டியிட்டு உட்கார்ந்து அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதை எப்பப்பா சொன்னா?"

"சார்?"

"என் தங்கச்சி. கோடீஸ்வரர்னு. எப்ப சொன்னா, யார்கிட்ட சொன்னா?"

"ஒரு இன்ஸ்பிரேஷனுக்காக சார். மார்க்கெட்டிங் டீம் எழுதுவாங்க."

"அவ பேசினா நிறுத்தமாட்டா. அந்த வாய்லேர்ந்து இந்த ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. செத்தவ மறுத்துப் பேசமாட்டான்னுதானே அவ வாய்ல சொருகறே?"

"சார், வேணும்னா அந்த லைனை எடுத்துடறோம். மச்சம்கூடத் திருப்பி வெச்சுடலாம்..."

உன் அண்ணன் எழுந்துவிட்டார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், கடன் கேட்டு வருகிறவனுக்கே நாற்காலி போடுகிறவர். "எழுந்து போய்யா வெளியே" என்று அவர் கத்திய கத்தலில் எதிர்க்கடை பாய் ஓடிவந்தார். என் கையிலிருந்த ஒப்பந்தத்தைப் பிடுங்கி அவன் பைக்குள் திணித்தார். ஃப்ளெக்ஸை அவன் சுருட்டப் போனபோது காலால் மிதித்துக்கொண்டார். "இவ எங்க வீட்டுப் பொண்ணு. வை அங்கேயே."

அவன் போன பிறகு என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "காபி போடு" என்றார். உங்கள் குடும்பத்தில் மன்னிப்புக்கு அதுதானே பெயர். போட்டேன்.

இதனால் அந்தக் கம்பெனி ஒழிந்துவிட்டது என்று நினைக்காதே. தெருக்கோடி பேக்கரிக்கு மேலே திறந்துவிட்டார்கள். கூட்டம் அள்ளுகிறது. தவணை கட்டிவிட்டதால் பவித்ராவும் சனிக்கிழமை அங்கே போகிறாள். எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்களாம். லோகு அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண்ணை நம் மாடிக்கும் அனுப்புகிறாள்.

ஆமாம், மாடியைத் திறந்துவிட்டேன். நீ போனபின் அங்கே நான் அடுக்கியிருந்த பழைய மானிட்டர்களை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். வருத்தம்தான், மறைக்கமாட்டேன். உன் ஆபீஸ் சைத்ராவைத் தேடிப் பிடித்து, வாராவாரம் வரச்சொன்னேன். "ஆகல்ல அக்கா, முடியாது" என்றாள். பேரம் பேசினேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று முடிந்தது. அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் அரைகுறை, பிள்ளைகளுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. அவள் வராத வாரம் உன் பழைய பிள்ளைகளில் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். தப்பும் தவறுமாகத்தான். சைத்ரா வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். எப்படிச் சொல்லித்தருவது என்று அவளையே அந்தப் பெரிய பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வைத்திருக்கிறேன். நீ யோசிக்காத யோசனை.

வாசலில் பலகை இல்லை. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. திரை இல்லாத குறைக்கு உன் ஃப்ளெக்ஸையே சுவரில் அடித்துவிட்டேன், வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி. அதன்மேல்தான் பிள்ளைகள் எழுதியது ப்ரொஜெக்டரிலிருந்து விழுகிறது. நீ சுவரைப் பார்த்து நிற்கிறாய். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி? திருப்பி மாட்டு" என்றார். முடியாது என்றேன்.

உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஹேமா. நான் இல்லாவிட்டாலும், சைத்ரா இல்லாவிட்டாலும் வகுப்பு நடத்த இந்தத் தெருவிலேயே ஆள் இருக்கும்படி செய்துவிட்டுத்தான் ஓய்வேன். அன்றைக்கு உன்னைத் திருப்பி மாட்டுகிறேன். அடியில் இருக்கும் கோடீஸ்வரர் வரியை வெட்டிவிட்டு, உன் மச்சத்தை நானே பேனாவால் வைத்து.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நில்.

கோபம் தீராத
உன் காயலாங்கடை அண்ணி